நானா செய்தது

நானா ஒரு பொருளைத் தொட வேண்டுமென்றால் அது ஓடாததாக இருக்க வேண்டும். ஓடுகிற கடிகாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், "நல்லாத்தானே ஓடுது, இதுல எனக்கு என்ன வேல?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சனிக்கிழமைகளில் எங்கள் ஏலக்கடையில் கூட்டம் கலைந்த பிறகு பின்வாசலில் வந்து நிற்பார். மடித்துக் கட்டிய கைலி, எண்ணெய்க் கறை ஏறிய பனியன், தலையில் மட்டும் அன்றைக்குத்தான் துவைத்தது போன்ற வெள்ளைத் தொப்பி.

"தம்பி, ஓடாதது ஏதாச்சும் கெடக்கா?"

பினாங்கில் அப்போது ஏலத்தை எல்லாரும் லேலாங் என்றுதான் சொல்வார்கள். பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு லேலாங் கடையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. முப்பதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்தாறு வயது. ரப்பர் விலை விழுந்து, துரைகளும் தவுக்கே என்கிற சீன முதலாளிகளும் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிடங்கு எப்போதும் நிறைந்திருக்கும். ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்பு சாமான்களின் விவரப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி அச்சுக்குக் கொடுப்பது என் வேலை. அந்த ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நானா என்பது அவர் பெயரல்ல. தமிழ் முஸ்லிம்கள் அண்ணனை அப்படி அழைப்பார்கள். சூலியா தெருவில் சீனரும் மலாய்க்காரரும் இந்துக்களான நாங்களும்கூட அவரை அப்படியே அழைத்தோம். அவருடைய முழுப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது நீதிமன்றத்தில். அதை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், குதிரைகள் போய்விட்ட ஒரு பழைய லாயத்தை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். குதிரை கட்டும் தடுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் தானாகச் சுழலும் காற்றாடி ஒன்று. காசு போட்டால் கொக்கரித்துவிட்டுத் தகர முட்டையிடும் கோழி ஒன்று. பித்தளைத் தேனீக்கள் வந்து மணிகளில் முட்டும் இசைப்பெட்டி, எழுத்துகளெல்லாம் ஒரே சக்கரத்தில் சுற்றி வரும் தட்டச்சு இயந்திரம், இன்னும் எதற்கு என்றே எனக்குத் தெரியாத பல. எல்லாமே உடைந்து வந்தவை. சரியாகி ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் அது எங்கள் கடைக்கு வந்துவிடும்.

"இவ்ளோ பாடுபட்டுட்டு ஏன் நானா வித்துடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுறத வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? ஓடாதது காத்துக்கிட்டு கெடக்குல்ல."

தம்முடைய பொருள் ஏலம் போவதைப் பார்க்கவும் வரமாட்டார். கிடங்கில் விட்டுவிட்டுப் போவதோடு சரி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை. தொலைந்துபோன பாகத்துக்குப் பதிலாகத் தாம் ஒன்றைச் செய்து பொருத்தினால், கூரான ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி, அதன் மேல் மூன்று புள்ளி குத்துவார். மேலே ஒன்று, கீழே இரண்டு, நம் ஆய்த எழுத்து மாதிரி. அது போதாதென்று பொருளோடு ஓர் அட்டையையும் கட்டிவிடுவார். இன்னின்ன பாகம் நான் செய்தது, மீதியெல்லாம் முதலில் செய்தவனுடையது என்று முத்து முத்தான தமிழ் எழுத்தில் எழுதியிருக்கும்.

நார்தாம் ரோட்டுப் பக்கம் மலாய் பேசும் சீனரான பாபா வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். அவருடைய இசைப்பெட்டியின் மேல் ஆடும் பொம்மைக்கு ஒரு கை இல்லை. நானா கை செய்து மாட்டினார். பொம்மையின் உடம்பு ரோஜா நிறம். நானா மாட்டிய கை வெறும் மரத்தின் நிறம். அந்த அம்மாள் மலாயில் சத்தம் போட்டார்.

"சாயம் பூசிக் குடுக்க முடியாதா? ஒட்டுக் கைன்னு பளிச்சுன்னு தெரியுதே!"

"தெரியணும் நோன்யா" என்றார் நானா, அவரும் மலாயில்தான். "பூசிட்டா இதையும் அவன் செஞ்சதுன்னு நெனப்பீங்க. அவன் எவ்வளவு அழகா செஞ்சிருக்கான், மத்த கையப் பாருங்க. என் வேலய அவன் தலையில கட்டக்கூடாது."

அம்மாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்.

இன்னொரு நாள், பினாங்கு தெருவில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தார். நானும் கூட இருந்தேன். கடையில் நல்ல கூட்டம். ஒரு கல்யாண வீட்டார் சங்கிலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா கல்லாவுக்கு நேரே போய், "பத்தரே, போன மாசம் உங்க சுவர்க் கடியாரத்துல நான் போட்ட திருகு தப்பு. கழட்டிக் குடுங்க" என்றார்.

"நல்லாத்தானய்யா ஓடுது!"

"இப்ப ஓடும். மழ மாசம் வந்தா நிக்கும். என் தப்பு."

"அதுக்கு இத்தன பேரு முன்னால வந்து சொல்லணுமா? காதோட காதா சொன்னா ஆகாதா?"

"போன மாசம் இத்தன பேரு முன்னாலதானே நல்லா செஞ்சிட்டேன்னு சொன்னீங்க" என்றார் நானா.

கல்யாண வீட்டார் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அலுவலகத்தில் அவர் நின்ற மாதிரி நின்று, அவர் குரலில் "என் தப்பு" என்று சொல்லிக் காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு பலமுறை செய்து காட்டும்படி கேட்டார்கள். நானும் செய்தேன்.

அவருக்கு என் மேல் பிரியம் இருந்தது. காரணம் என் ஆங்கிலம். பழைய இயந்திரங்களின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. "வா தம்பி, என்னா எழுதியிருக்கான்னு படி" என்று கூப்பிடுவார். நான் படித்து, ஊர், செய்தவர் பேர் எல்லாவற்றையும் தமிழில் சொல்வேன். அவர் ஈரத்துணியால் அந்த எழுத்துகளைத் துடைத்துவிட்டு, "கேட்டியா, மன்செஸ்டர்லேந்து வந்திருக்கான்" என்று காற்றாடியிடம் சொல்வார். பிறகு பள்ளிவாசல் பக்கம் கூட்டிப்போய் நாசி கண்டார் சோறு வாங்கித் தருவார். இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கேட்டதுதான். ஆனால் கடைக்கு வருகிற துரைகளிடம் என் சொந்த அறிவைப் போல எடுத்துவிடுவேன்.

அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோன அந்தக் காடி, அங்கே காருக்கு அதுதான் பேர், அவரிடம் எப்படி வந்தது என்றால், கடலோரத்து பங்களா ஒன்றில் ஒரு தவுக்கே காலமாகி, வீட்டைப் பிரித்தார்கள். பின்கட்டில் ஒரு கொட்டகை. அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு மோட்டார் காடி. பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிய முதல் சில காடிகளில் ஒன்று அது. ஒற்றை சிலிண்டர், பித்தளை விளக்குகள், மாட்டு வண்டிச் சக்கரத்தை விடக் கொஞ்சம் சிறிய சக்கரங்கள். கூரை இல்லை, கதவும் இல்லை. எலி தின்றது போக மிச்சமிருந்த தோல் இருக்கை. எங்கள் ஏலத்தில் கேட்க ஆளில்லை. நானா இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்.

நான்கு வருடம் ஆயிற்று. கிடைக்காத பாகங்களைச் சட்டியில் உருக்கி வார்த்தார், அராவினார், பொருந்தவில்லை என்றால் மறுபடி உருக்கினார். கடைசியில் ஒரு காலை நேரம் அது இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது சந்து முழுக்கப் புகை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பட்டாசு என்று நினைத்து வாசலுக்கு ஓடிவந்தார். நானா என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு திடலையும் கடற்கரையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிராம் வண்டியில் போனவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானா யாரையும் பார்க்கவில்லை. இயந்திரத்தின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே ஓட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காடி எங்கள் கிடங்குக்கு வந்தது. சக்கரத்தைத் திருப்பும் வளையத்தில் அட்டையைக் கட்டியிருந்தார். பதினோரு பாகங்கள். பதினோரு இடத்தில் மூன்று புள்ளி.

"அட்டைய வாங்குறவருக்குப் படிச்சுக் காமி தம்பி. கடைசி வரிய முக்கியமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஒரு துரை வந்தார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் மேலாளர். பழைய காடிகளைச் சேர்ப்பதில் பைத்தியம். அப்படிப்பட்டவர்களுக்குப் பழுது பார்த்த வண்டி ஆகாது. முதலில் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். அவர் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "நீதான் இதை எழுதினாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நன்றாக எழுதியிருக்கிறாய். உனக்கு இதிலெல்லாம் விஷயம் தெரியும் போலிருக்கிறதே. இதில் ஏதாவது பாகம் மாற்றியிருக்கிறார்களா?"

ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலில் நான் 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொற்கள் அழகாக இருந்தன என்பதற்காக எழுதியது. அன்று காலைதான் அச்சிலிருந்து வந்திருந்தது.

"ஒன்றுகூட இல்லை சார்" என்றேன்.

"நாளை மாலை விளக்கெடுத்து வந்து நன்றாகப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை. பணம் தருவதாகவும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், கிடங்கு ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஓர் அரத்தை எடுத்துக்கொண்டு காடிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் கேட்டது. நானா தொழுகைக்குப் போயிருப்பார், இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு இடத்தையும் அராவி, எண்ணெயும் தூசியும் தேய்த்து மறைத்தேன். அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அதைப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி வரி இது: 'சக்கரம் திருப்பும் கம்பியின் முனைப்பிடி வெண்கலத்தில் செய்தது. சமதரையில் மெதுவாக ஓட்டலாம். மலையில் ஏற்ற வேண்டாம். மாதம் ஒருதரம் கழற்றிப் பார்க்கவும்.' இந்தக் கிழட்டு வண்டியை யார் மலையில் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

துரை விளக்குப் பிடித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். சனிக்கிழமை காடியை வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என் முதலாளியிடம் என்னைப் பாராட்டினாராம்.

இரண்டு மாதம் போயிருக்கும். தோட்டத்து மேட்டில் இருந்த பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். காடியைக் கொண்டுவந்து காட்டும்படி துரை டிரைவரை அனுப்பியிருக்கிறார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. காட்டிவிட்டு இறங்கும்போது வளைவில் முனைப்பிடி முறிந்தது. சக்கரம் திரும்பவில்லை. காடி பள்ளத்தில் கவிழ்ந்து டிரைவரின் இடது கால் அடியில் சிக்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவன் தமிழன், முப்பது வயது, மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும்.

செய்தி சூலியா தெருவுக்கு வந்தபோது போலீஸ் இன்னும் யாரையும் தேட ஆரம்பிக்கவில்லை. நானா தாமே முதல் படகைப் பிடித்து அக்கரைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று, "அந்தப் பிடி நான் செஞ்சது" என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

நானா மேல் போட்ட வழக்கில் நான் சாட்சி. ஏலக்கடை சார்பாக வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டிக்கொண்டு போனேன். மாஜிஸ்திரேட் கேட்டதை ஒருவர் தமிழில் சொல்ல, நானா பதில் சொன்னார்.

"இந்தத் துண்டு உன் வேலையா?"

"ஆமாங்க, என் வேலதான்."

"இரும்பில் செய்ய வேண்டியதை வெண்கலத்தில் செய்தாயா?"

"ஆமாங்க."

"வாங்குகிறவருக்கு இதைத் தெரிவித்தாயா?"

"அட்டையில எழுதிக் கட்டியிருந்தேன். புள்ளியும் குத்தியிருந்தேன்."

அட்டை எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அப்படி எதையும் பார்த்த நினைவில்லை என்றேன்.

பிறகு முறிந்த துண்டை நானா கையில் கொடுத்துப் புள்ளி எங்கே என்று கேட்டார்கள். அவர் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரே இடத்தை இரண்டு மூன்று தரம் தடவினார். தலையை நிமிர்த்தி நீதிமன்றம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை என் மேல் வந்து நின்றது. கோபம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய இயந்திரத்துக்குள் என்ன உடைந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"இப்ப இல்லைங்க" என்றார்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"பிடி நான் செஞ்சது. ஒடஞ்சிடிச்சு. அவ்வளவுதாங்க."

மூன்று மாதம் சிறை. அவர் உள்ளே இருந்தபோது லாயத்துச் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்து, சாமான்களை எங்கள் கடைக்கே ஏலத்துக்கு அனுப்பினார். காற்றாடி, தகரக் கோழி, தட்டச்சு இயந்திரம் எல்லாம் ஒரே குவியலாக வந்தன. பட்டியல் எழுதியது நான்தான். 'உடைந்த இயந்திரச் சாமான்கள், பலவகை.' ஒரு பழைய இரும்பு வியாபாரி எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்தவருக்கு யாரும் கடிகாரம் கொடுக்கவில்லை. சூலியா தெருவில் ஒரு கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில் சாக்கை விரித்து உட்கார்ந்து குடையும் மண்ணெண்ணெய் அடுப்பும் ரிப்பேர் செய்தார். நான் வேறு தெரு வழியாகப் போய்வரப் பழகிக்கொண்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை படகுத்துறையில் அவரை எதிரெதிராகப் பார்த்துவிட்டேன். ஒதுங்க இடமில்லை. கக்கத்தில் துணி சுற்றிய நீளமான பொருள் ஒன்றை வைத்திருந்தார்.

"தம்பி, நல்லா இருக்கியா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"எங்க நானா, இந்தப் பக்கம்?"

"புக்கிட் மெர்தாஜாம். தொழுதுட்டு வெள்ளிக்கிழமையில போறது. அந்த டிரைவர் தம்பிக்கு ஒரு கால் செஞ்சிக்கிட்டிருக்கேன். முட்டியில மடக்கு சரியா வரல. நாலாவது தடவ."

துணியை விலக்கிக் காட்டினார். மரமும் பித்தளையும் சேர்ந்த ஒரு கால். முழங்கால் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. அவர் அதை அழுத்தினார், கால் மடங்கியது. படகுக்கு மணி அடித்தார்கள். அவர் போய்விட்டார்.

மறுநாள் வேலையிலிருந்து நேரே அவர் சாக்கின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"நானா, அந்தப் புள்ளியெல்லாம் அராவுனது நான்தான். அட்டையையும் நான்தான் கிழிச்சேன்."

"தெரியும் தம்பி." கை வேலையை நிறுத்தவில்லை. "துண்டக் கையில குடுத்தாங்கள்ல, அராவுன தடம் இருந்துச்சு. கெடங்குல வேற யாரு இருந்தா?"

"தெரிஞ்சும் ஏன் கோர்ட்டுல சொல்லல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை என்று பட்டது.

"நான் செஞ்சத என்கிட்ட கேட்டாங்க, சொன்னேன். நீ செஞ்சத நான் எப்புடிச் சொல்றது? அத நீதானே சொல்லணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடைபாதையில் போகிறவர்கள் பார்த்தார்கள். மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

"என்கிட்ட கேட்டு என்னா பண்ண? எனக்கு மூணு மாசம், போச்சு, முடிஞ்சிடிச்சு. கால் போனவன் அங்க இருக்கான். வெண்கலத்தப் போட்டுட்டு மூடி மறச்சுட்டாரு நானான்னு நெனச்சிக்கிட்டிருக்கான். அவன்கிட்ட போயிச் சொல்லு."

"அவர் போலீசுக்குப் போயிட்டா?"

இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். அழுத ஈரம் காய்வதற்கு முன்பு கேட்டேன்.

"போனாலும் போவான். போவாமலும் இருப்பான். அது அவன் இஷ்டம்லா" என்றார் நானா.

ஞாயிற்றுக்கிழமை படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து புக்கிட் மெர்தாஜாம் இறங்கினேன். கோயிலுக்குப் பின்புறம் ஒரு பலகை வீடு. தோட்டத்தில் வேலை போனபின் டிரைவர் வீட்டு முன்னாலேயே வெற்றிலை, சிகரெட் விற்றுக்கொண்டிருந்தார். நான் கையில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். யார் என்று கேட்டார். சொல்ல வந்த வாக்கியத்தைப் படகில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"நானாவோட கூட்டாளி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள வாங்க சார், உள்ள வாங்க. ஏ புள்ள, நம்ம நானாவோட கூட்டாளி வந்திருக்காரு, காப்பி போடு!" மரக்காலை ஊன்றி எழுந்து நின்றார். கொக்கியை அழுத்தி உட்கார்ந்து காட்டினார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "பாருங்க சார், இந்தத் தடவ சரியா வந்திடிச்சு. என் சின்னவ இதத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா."

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிஸ்கட் டின்னைப் பெண் குழந்தைகள் எடுத்துக்கொண்டன.

"மொதல்ல அவர வெட்டணும்னுதான் சார் இருந்தேன். பொய் சொல்லமாட்டேன். ஜெயில்லேந்து வந்த மறுநாளே இங்க வந்து நின்னாரு. வெளிய போடான்னு கத்துனேன். அடுத்த வாரமும் வந்தாரு. தப்புப் பண்ணுனவன் எவன் சார் இப்புடி வாரா வாரம் வந்து நிப்பான்?" என்னையே பார்த்துச் சொன்னார். "அவரோட கூட்டாளின்னா நீங்களும் அப்புடித்தான் இருப்பீங்க. இல்லாட்டி இவ்வளவு தூரம் வருவீங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். சாலை வரை வந்து வழியனுப்பினார், அந்தக் காலோடு.

திங்கட்கிழமை சூலியா தெரு வழியாகப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"போனியா தம்பி?"

"போனேன் நானா."

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு என் வலது கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஜெயிலுக்குப் போகும்போதுகூட அவர் கலங்கியதை நான் பார்க்கவில்லை.

"அவன்கிட்ட எனக்கு ஒரு பேச்சு அடச்சிக்கிட்டே இருந்துச்சு தம்பி. நான் மறச்சு வைக்கலடான்னு சொல்லணும். சொன்னா உன்னயச் சொன்ன மாதிரி ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இனிமே பேசலாம். இந்த வெள்ளிக்கிழம போயி நல்லா பேசப்போறேன்."

ஈப்போவில் ஒரு கடையிலிருந்து எனக்கு வேலைக்கு அழைப்பு வந்து மூன்று வாரமாக மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சம்மதம் எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை காலைப் படகில் கடலைக் கடந்து ரயிலேறினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் போயிருப்பார். அந்தப் பலகை வீட்டில் உட்கார்ந்து, "தம்பி வந்து எல்லாத்தயும் சொன்னான்ல?" என்று சந்தோஷமாகத் தொடங்கியிருப்பார். "என்ன சொன்னாரு?" என்று டிரைவர் கேட்டிருப்பார். அதற்கு நானா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஈப்போவில் ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு தபாலுக்கும் பயந்தேன். வாசலில் போலீஸ் தொப்பி தெரிந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். கடிதமும் வரவில்லை, யாரும் தேடியும் வரவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் அவர் என்னைச் சொல்லியிருக்க மாட்டார். ஏதோ பேச்சை மாற்றி, கொக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்திருப்பார்.

சில வருடம் கழித்து, பினாங்கிலிருந்து வந்த ஒருவர் நானா காலமாகிவிட்டதாகச் சொன்னார். ஜனாஸாவுக்கு அக்கரையிலிருந்து ஒரு மரக்கால்காரர் வந்திருந்தாராம். அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் நடந்தே போனாராம். அந்த மரக்கால்காரரும் இப்போது இல்லை. நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது அவரிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி வருவதற்கு முன்பு.